எல்லோரும் கையசைத்த பஸ்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவும் அவரும் நானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அண்ணிக்குத் தலைவலி வருவது நின்றதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊரார் ஏறும் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்த்துவிட்டு, கொள்கைக்காக மாடிப்படி ஏறுகிற ஒரே மெக்கானிக் நீதான். அதனால்தான் கேட்கிறேன்.

அண்ணா, பதினாலாம் எண் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நம் மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஸ்டேஷன் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே பஸ் அதுதான். ஆள் ஏறுவதில்லை என்று சொல்கிறார்கள். அது உண்மைதான், முன்னைப்போல் யாரும் ஏறுவதில்லை. ஆனால் நான் ஏறுகிறேனே.

இப்போது மேட்டிலிருந்து இறங்கி, ரயில் பாதையைத் தாண்டி, மரக்கிடங்குத் தெரு முழுக்க நடந்து போகிறேன். அவருக்கு மில்லில் இரவு ஷிப்ட். நான் கிளம்பிப் போன பிறகுதான் சைக்கிள் வீட்டுக்கு வரும். என் வேலை உனக்குத் தெரியும். அறுவைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, ஆவியில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். நான் போய்ப் பெட்டியைத் திறந்தால்தான் முதல் ஆபரேஷன். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. பெரிய சிஸ்டர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை லேட்டா வந்தா உன்னை இங்கேருந்து மாத்திடுவேன். எனக்கும் வேற வழியில்ல. டாக்டர் கையை நீட்டும்போது கத்தரிக்கோல் இருக்கணும் இல்லையா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் கையெழுத்தும் நன்றாக இருக்கும், எழுத்தும் கோவையாக வரும். டிப்போ அதிகாரிக்கு ஒரு மனு எழுதி அனுப்பு. அரைப் பக்கம் போதும். வேறொன்றும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு அண்ணனின் வாழ்த்துகள்!

எல்லோரும் சௌக்கியம்தானே? நாங்களும் அப்படித்தான். அது கிடக்கட்டும்!

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஊரின் பஸ்ஸை, ஊரைக் கேட்காமல் நிறுத்துவதா? அன்றைக்கு ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக உங்கள் பிரச்சினையை விளக்கிக்கொண்டே வேலை பார்த்தேன். "பஸ் கிடக்கட்டும், முதல்ல எங்களை வெளியே விடுங்க" என்கிறார் ஒருவர். மக்கள் எவ்வளவு சுயநலமாகிவிட்டார்கள், பார்!

அரைப் பக்க மனு கேட்டாய். கெஞ்சிக் கேட்க இது என்ன பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்றா? உரிமை, குட்டி, உரிமை! ஆகவே ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறேன். மூன்று நாளாகச் சோறு தண்ணி மறந்து எழுதியது. இயக்கத்துக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: 'சக்கரம் சுழலட்டும்'. சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜுக்குப் படம் கடைசித் தாளில் இருக்கிறது. சிவப்புச் சக்கரம், நடுவே பதினாலு. உடனே ஒரு குழு சேர். ஆள் சேர்ந்தால் எல்லாம் நடக்கும்.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். எதையும் சத்தமில்லாமல் முடித்துவிடப் பார்ப்பாய். சத்தம் வேண்டும், குட்டி!

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அம்மாவிடம் அறிக்கையை வாய்விட்டுப் படித்துக்காட்டு.

உன் அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் லேசான இருமல். நீங்கள் இருவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அறிக்கை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைப் புத்தகம் என்று நினைத்து, "யாருக்குப் பரீட்சை?" என்று கேட்டார். நான் கேட்ட மனு அதில் இருக்கிறதா என்று எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்தேன், இல்லை. பிறகு நானே எழுதினேன். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற எங்கள் மேட்டுப் பெண்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, டிப்போ அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர். "முழு பஸ் கஷ்டம்மா. காலையில ஒரு சின்ன வேன் விடலாம், உங்க ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம். மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்றார். அண்ணா, அன்றைக்குத் தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் வீட்டில் கூட்டம். உன் அறிக்கையை அம்மா பெருமைக்கு மருந்துக்கடைக்காரரிடம் காட்டியிருக்கிறாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அவர் அதைப் படித்துவிட்டு டியூஷன் வாத்தியாரைக் கூட்டிவந்துவிட்டார். அவர்கள் பின்னால் இன்னும் பலர். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். டியூஷன் வாத்தியார் நாலாம் பக்கத்தைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டார், பொய்யில்லை. பிறகு சக்கரம் சிவப்பா நீலமா என்று பிரிந்து நின்று சண்டை போட்டார்கள். நான் தேநீர் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வந்தவர்களில் ஒருவர்கூடப் பதினாலில் ஏறி நான் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரருக்குக் கார். வாத்தியாருக்கு ஸ்கூட்டர். அவர்கள் போன பிறகு அம்மா, "பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை" என்றாள். இங்கே தம்பிக்குப் பதில் தங்கை.

வேன் விஷயத்தை இப்போதைக்கு யாருக்கும் எழுதாதே. கைக்கு வரும்வரை நமக்குள் இருக்கட்டும். இது நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது.

அண்ணிக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

எல்லோர் சுகத்துக்கும் எழுது. அம்மாவின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

வேனா? யானைப் பசிக்குச் சோளப்பொரியா? நீ அந்தப் பள்ளத்தில் விழமாட்டாய் என்று நினைத்திருந்தேன். வேனில் நீங்கள் நாலு பேர் ஏறிப் போய்விடுவீர்கள். மற்ற ஊர்? முதியவர்கள்? படிக்கிற பிள்ளைகள்? "அதுதான் வேன் விட்டாச்சே" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள், குட்டி. போராட்டத்தை உடைக்க அதிகாரிகள் காலங்காலமாகச் செய்யும் தந்திரம் இது.

நீ தயங்குவாய் என்று தெரியும். அதனால் உனக்குச் சிரமம் வைக்காமல் நானே மருந்துக்கடைக்காரருக்கு எழுதிவிட்டேன். முழு பஸ், அல்லது ஒன்றும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்போம்.

நீ யாருக்கும் எழுதாதே என்று எழுதியிருந்தாய். ஊர் விஷயத்தில் ரகசியம் கூடாது. பின்னால் நீயே எனக்கு நன்றி சொல்வாய்.

மாப்பிள்ளையை விசாரித்தேன் என்று சொல்.

உன் அண்ணன்

மே 10

அன்புத் தங்கைக்கு,

அங்கே எல்லோரும் நலம்தானா? போன மாதம் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. அம்மாவுக்கு ஏதாவது உடம்பா? அப்படியென்றால் மறைக்காமல் எழுது.

மருந்துக்கடைக்காரர் மட்டும் தவறாமல் எழுதுகிறார். என் கடிதத்தைக் கூட்டத்தில் மூன்று முறை படித்தார்களாமே! கைதட்டல் அடங்கவே நேரமாயிற்றாமே! பிறகு பேட்ஜ் குத்திக்கொண்டு டிப்போவுக்கு ஊர்வலமாகப் போய், "பிச்சை வேண்டாம், பஸ் வேண்டும்" என்று அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்களாமே! படிக்கும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஊர்வலத்தில் நீ இருந்தாயா? அவர் எழுதவில்லை. முன்வரிசையில்தான் இருந்திருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒரு வரியாவது எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்

குட்டி, இது அண்ணி. இடம் மீதி இருந்தது, எழுதுகிறேன். எனக்குத் தலைவலி நிற்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, அதைப் பார்க்க உன் அண்ணனுக்கு நேரமில்லை. பச்சைக் காரட்டாகவே தின்ற வருஷமும் இப்படித்தான் இருந்தார். யாரோ புதிதாக உண்டாக்கிய பாஷையைக் கற்றுக்கொண்டு பேச ஆளில்லாமல் கண்ணாடியோடு பேசின வருஷமும் இப்படித்தான். நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். அவரும் சுகம். அண்ணி எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

வேன் வராது. உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் ஊர்வலத்தில் இல்லை. அன்றைக்கு எனக்கு வேலை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நல்ல மழை. ரயில் கேட்டும் மூடியிருந்தது. அதிலிருந்து நான் சலவைப் பிரிவில் இருக்கிறேன். பின்கட்டில், கொதிகலனுக்குப் பக்கத்து அறை. இங்கே தாமதமாக வந்தால் யாரும் கேட்பதில்லை. அழுக்குத் துணி எங்கேயும் ஓடிப்போய்விடாது.

மருந்துக்கடைக்காரர் உனக்கு எழுதியிருப்பார். ஊர்வலத்துக்குப் பிறகு டிப்போவில் இறங்கிவந்து, ஜூன் முழுக்கப் பதினாலைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஆள் ஏறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை. பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். பஸ் நின்றுவிடாமல் ஓடினால் என்னைப் பழைய இடத்துக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒரு புதுப் பெண் என் மேசையில் பழகுகிறாள்.

வேறு விசேஷம் இல்லை. நீயும் அண்ணியும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை

மே 29

வெற்றி! வெற்றி!

அன்புத் தங்கையே, அனைவரும் நலமாயிருக்க வாழ்த்து! எனக்கு நலத்துக்கென்ன குறை? நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

பார்த்தாயா? வேனோடு நின்றிருந்தால் இன்றைக்குப் பஸ் வந்திருக்குமா? அண்ணன் சொன்னது நடந்ததா இல்லையா? இங்கே எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு முழுக் கதையும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

சலவைப் பிரிவுக்கு மாறியது நல்லதுதான். ஒரே இடத்தில் இருந்தால் மனிதன் துருப்பிடித்துவிடுவான். மாற்றம்தான் வாழ்க்கை.

வெற்றி விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் கடைசிச் சனிக்கிழமை. லீவு போட்டுவிட்டேன். எனக்கு ஒரு பேட்ஜ் எடுத்து வை, சிவப்பு, நீலம் இரண்டிலும் ஒவ்வொன்று. யார் மனமும் நோகக் கூடாது.

அம்மாவிடம் நான் வருவதாகச் சொல்.

உன் அண்ணன்

ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் திரும்பியிருக்கிறது, ஆனால் நீ வருகிறாய் என்றதும் பாதி குறைந்துவிட்டது. அண்ணியும் வருகிறார்களா?

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. லிஃப்டுக்குள் நின்றுகொண்டு படிக்காதே.

பஸ் ஓட ஆரம்பித்த அன்று ஊரே வந்தது. மருந்துக்கடைக்காரர் ரிப்பன் வெட்டினார். வண்டி முழுக்க வண்ணக் காகிதம். பிறகு அத்தனை பேரும் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் ஏறிப் பஸ்ஸுக்கு முன்னால் ஊர்வலமாகப் போனார்கள். பஸ் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. உள்ளே நாங்கள் நாலு பேர். நடந்திருந்தால் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்போம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இவங்கள்லாம் உங்க சொந்தக்காரங்களாம்மா?" என்று கேட்டார்.

சரி, முதல் நாள், சந்தோஷம் என்று விட்டேன். அதற்கப்புறமும் அதே நாலு பேர்தான். போன வாரம் பஸ் நிழற்குடைக்குள்ளேயே நன்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பதினாலு வந்தது. மருந்துக்கடைக்காரர் பேச்சை நிறுத்தி, "வழி விடுங்க, வழி விடுங்க, நம்ம பஸ் வருது!" என்றார். எல்லோரும் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்க சார், ஏறுங்க" என்றார். "நீங்க கிளம்புங்க, எங்களுக்கு மீட்டிங் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் கையசைத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னலில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மானத்தை விட்டு ஒவ்வொருவரையும் கேட்டேன். டியூஷன் வாத்தியார் சொல்கிறார்: "இந்த பஸ்ஸுக்காக எவ்வளவு அலைஞ்சேன்னு உனக்கே தெரியும். இதுல ஏறிப் போக எனக்கு எங்கம்மா நேரம்?" மருந்துக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நான் எனக்காக கேட்கலையேம்மா. எனக்காக கேட்டிருந்தா அது சுயநலமா போயிருக்கும்" என்கிறார். இவர்கள் கெட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. அம்மாவின் இருமலுக்கு மருந்துக்கடைக்காரர் தானே வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அதனால் திட்டவும் முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர்தான் மேலே எழுதப்போகிறவர். "ஒரு நாளாவது வண்டி நிறைஞ்சு வந்தா, அதை வெச்சு இன்னும் ரெண்டு மாசம் நீட்டிச்சு எழுதுவேம்மா. காலி வண்டிக்கு நான் என்னத்த எழுத?" என்றார்.

அண்ணா, நீ வருவதும் சனிக்கிழமை. ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் பதினாலு நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மேட்டுக்கு வருகிற வண்டி. உன்னை வரவேற்கக் குழு முழுக்க ஸ்டேஷனுக்கு வரப்போகிறது. நீ போய் அதில் ஏறி உட்கார். வேறெதுவும் வேண்டாம். நீ ஏறினால் உன் பின்னால் அத்தனை பேரும் ஏறுவார்கள். அன்று ஒருநாள் நிறைந்தால் போதும், எனக்கு என் மேசை திரும்பிவிடும். நான் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நீ சொல்லக்கூட வேண்டாம், ஏறினாலே போதும்.

பயணத்தில் தண்ணீர் பார்த்துக் குடி. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமென்று நம்புகிறேன். நேரமில்லை, பேச்சை மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் ஏறுவதற்குக் கேட்கவும் வேண்டுமா, அசடே! அது என் பஸ். முன் சீட்டில் உட்கார்ந்து வருவேன். கவலையை விடு.

அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவைக் கூட்டத்துக்கு முன்வரிசையில் உட்கார வை.

உன் அண்ணன்

ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா எப்படி இருக்கிறாள்? இருமல் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன ஒரு நாள், குட்டி! ஊர் திரண்டதைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு வந்தது. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரயிலில் திரும்பி வரும்போதும் கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல். சொல்லாமல் இருந்தால் எனக்கு ஜீரணமாகாது. நீ கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாய். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டும்போது நீ ஒருத்திதான் எழுந்திருக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் அதெல்லாம் நன்றாகத் தெரியும். வீட்டிலும் சரியாகப் பேசவில்லை. களைப்பு என்று அம்மா சமாளித்தாள். இந்த இயக்கமே உன் கடிதத்திலிருந்து பிறந்தது. உனக்கே இதில் உற்சாகம் இல்லையென்றால் எப்படி? எதன்மேல்தான் உனக்கு உற்சாகம்?

பஸ்ஸில் வரமுடியவில்லை. அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதே. கொடி கட்டிய காரைப் பிளாட்பாரம்வரை கொண்டுவராத குறைதான். பூச்செண்டு வேறு. மாட்டேன் என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? ஆனால் நம் பஸ் வாசலில் நின்றதைப் பார்த்தேன். காருக்குள்ளிருந்தே கையை உயர்த்தி வணக்கம் சொன்னேன். உடனே மொத்தக் கூட்டமும் கையசைத்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றுதான் மனதை அறுத்தது. அவ்வளவு பெரிய வண்டியில் ஜன்னலோரமாக யாரோ ஒரு பெண்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தாள். நம் ஜனங்கள் ஏன் ஏறமாட்டேன் என்கிறார்கள்? இதைப் பற்றி ஒரு தனி அறிக்கை எழுதலாம் என்றிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அன்பு. உடனே பதில் போடு.

உன் அண்ணன்

ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அவருக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

பதினாலை நிறுத்திவிட்டார்கள். குழு ஒரு நாள் துக்கம் அனுசரித்தது. இப்போது கறுப்புச் சக்கரம் போட்டுப் புது பேட்ஜ் அடித்திருக்கிறார்கள். உனக்கும் ஒன்று அனுப்புவார்கள்.

பெரிய சிஸ்டர் அந்தப் புதுப் பெண்ணையே என் இடத்தில் நிரந்தரமாகப் போட்டுவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறாள். நல்ல பெண். கத்தரிக்கோலைத் திறந்து வைக்காமல் மூடியபடியே சுற்றிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டு, மதிய இடைவேளையில் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மூடி வைத்தால் மூட்டுக்குள் ஆவி போகாது.

எதன்மேல் உனக்கு உற்சாகம் என்று கேட்டிருந்தாய். அண்ணா, அந்தச் சுற்றுத் துணியின்மேல் ஒரு நாடா ஒட்டுவோம். ஆவி உள்ளே சரியாகப் போயிருந்தால் அதில் கறுப்புக் கோடு ஏறும். இத்தனை வருஷத்தில் அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை. உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது, என் கைப்பட்ட கத்தரிக்கோல் அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த பெட்டியை எடுப்பேன். அதற்காக நான் கைதட்டியதும் இல்லை, யாரையும் தட்டச் சொன்னதும் இல்லை. அதனால் உனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அந்த மேசைக்காகத்தான் உன்னிடம் அரைப் பக்கம் கேட்டேன். நீ எனக்கு ஒரு இயக்கத்தைக் கொடுத்தாய். எனக்கு உன்மேல் கோபம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். மனம் ஆறவில்லை.

அந்தப் பெண்பிள்ளை நான்தான்.

அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். ஸ்டேஷனில் ஏறி முன் சீட்டில் பையை வைத்து உனக்கு இடம் பிடித்தேன். கண்டக்டரிடம், "இன்னைக்கு ஆள் வரும், கொஞ்சம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன். இறங்கினால் வண்டி போய்விடுமோ என்று பயந்து இறங்கவும் இல்லை. புறப்படும் நேரம் தாண்டியும் அவர்கள் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "வரட்டும்மா, வரட்டும்" என்றுதான் அவரும் சொன்னார். நீங்கள் எல்லோரும் கும்பலாக வெளியே வந்ததைப் பார்த்ததும் நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு படியருகே போய் நின்றார்.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நீ என் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது கையை உயர்த்தினாய். எல்லோரும் கையசைத்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது உன் முகம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து வெளியே பார்த்துவிட்டு, "யாரும்மா அது, நம்மளைப் பார்த்து கை காட்டறாரு? உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் கண்டக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி கிளம்பியது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தங்கை